விலை போனதும் வேலை போனதும்: மல்லாட்டை, பாமாயில், கூலி

1

தொண்ணூறுகளின் கடைசியில் திண்டிவனம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஒரு கூட்டம். டங்கல் திட்டம், உலக வணிக அமைப்பு, பன்னாட்டு மூலதனம் என்று நாங்கள் சிலர் ஊர் ஊராகப் பேசிக்கொண்டிருந்த காலம். நான் எழுதிய நாலு பக்கத் துண்டறிக்கையை நானே வாசித்தேன். பாமாயில் இறக்குமதியால் மல்லாட்டை விலை விழுந்துவிட்டது, விவசாயி நடுத்தெருவுக்கு வந்துவிட்டான் என்பது அதன் சாரம். 'விவசாயி' என்ற சொல் அதில் ஏழெட்டு இடத்தில் வந்திருக்கும். முடித்ததும் காலனியிலிருந்து வந்திருந்த ஓர் அம்மா எழுந்தார். எங்கள் கொல்லையில் பல வருஷம் களை எடுத்தவர். என் அப்பா அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார். அவர் என் அப்பாவை விட வயதில் மூத்தவர்.

"தம்பி, விவசாயி விவசாயின்னு சொல்றியே, அதுல நாங்க இருக்கமா?"

"எல்லாருந்தாம்மா" என்றேன்.

"உங்கப்பாவுக்கு வெல போச்சு. எங்களுக்கு வேலையே போச்சு. ரெண்டும் ஒண்ணா?"

கூட்டத்தில் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஒளிந்துகொண்டுதான் அன்றைக்கு ஊர் திரும்பினேன். இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்குக் காலம் கடந்து எழுதும் பதில். வேளாண் வணிகம் கிராமத்து வருமானத்தை என்ன செய்கிறது என்று கேட்கும்போது நாம் வழக்கமாக விலையைப் பார்க்கிறோம். வேலை நாட்களைப் பார்ப்பதில்லை. இரண்டும் ஒரே திசையில்தான் போகும் என்று எடுத்துக்கொள்கிறோம். அப்படிப் போவதில்லை என்பதை மல்லாட்டை என்ற ஒரு பயிரை வைத்துச் சொல்லப் பார்க்கிறேன்.

2

முதலில் ஒரு மயக்கத்தைக் களைந்துவிடலாம். மல்லாட்டை ஏதோ மண்ணின் பயிர், பாமாயில் அந்நியச் சரக்கு என்ற எதிர்வில்தான் நம் துண்டறிக்கைகள் நிற்கின்றன. வட தமிழ்நாட்டில் மல்லாட்டை என்றும் மணிலாக்கொட்டை என்றும் சொல்லப்படும் வேர்க்கடலை தென்னமெரிக்காவில் பிறந்த பயிர். பேரிலேயே பிலிப்பைன்ஸின் தலைநகர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென்னாற்காட்டின் செம்மண் கொல்லைகளில் இது பரவியதற்குக் காரணம் நம் சமையற்கட்டு அல்ல. பிரான்சின் மார்செய் நகரத்து எண்ணெய் ஆலைகளும் சோப்பு ஆலைகளும். புதுச்சேரி, கடலூர்த் துறைகளிலிருந்து மூட்டை மூட்டையாகக் கப்பல் ஏறியது. கம்பும் கேழ்வரகும் வரகும் விளைந்த மானாவாரி நிலம் காசுக்குப் பயிரிடும் நிலமானது இப்படித்தான். முதல் உலகப் போரில் கப்பல் போக்குவரத்து தடைப்பட்டபோதும், 1930களின் பெருமந்தத்தில் உலக விலை சரிந்தபோதும் அடி வாங்கியதும் இதே கொல்லைகள்தான்.

ஆக, வணிகம் வந்து கெடுத்த கதை மட்டுமில்லை இது. வணிகம்தான் இந்தப் பயிரைக் கொண்டுவந்தது. வணிகம்தான் பின்னால் அதன் காலை வாரியது. 'வணிகம் நல்லதா கெட்டதா' என்ற கேள்வியே உதவாது. எந்த விதியின்கீழ் நடக்கும் வணிகம், விலை ஏறும்போது யார் கையில் நிற்கிறது, இறங்கும்போது யார் தலையில் விழுகிறது என்று பிரித்துக் கேட்டாக வேண்டும்.

3

இறக்குமதியின் கதைக்கு வருவோம். பாமாயில் தொண்ணூறுகளில் முளைத்த பேய் அல்ல. எழுபது எண்பதுகளிலேயே இந்தியா கணிசமான அளவு சமையல் எண்ணெயை இறக்குமதி செய்தது. ரேஷன் கடையில் பாமாயில் அப்போதே வந்துவிட்டது. ஆனால் அரசு வணிகக் கழகம் வழியாக மட்டுமே வாங்க முடியும். எவ்வளவு, எப்போது என்பது அரசின் கையில் இருந்தது. 1986இல் எண்ணெய் வித்துக்களுக்கான தொழில்நுட்ப இயக்கம் தொடங்கியது. 1985-86இல் சுமார் 108 லட்சம் டன்னாக இருந்த நாட்டின் எண்ணெய் வித்து உற்பத்தி, 1994-95இல் சுமார் 213 லட்சம் டன்னைத் தொட்டது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாட்டின் சமையல் எண்ணெய்த் தேவையில் மிகப் பெரும்பகுதி உள்நாட்டிலேயே கிடைத்தது. 'மஞ்சள் புரட்சி' என்று பேர் வைத்தார்கள். விதை, கடன் மட்டும் இதற்குக் காரணமில்லை. இறக்குமதியைக் கட்டுக்குள் வைத்து உள்நாட்டு விலையைத் தாங்கிப் பிடித்ததும் காரணம்.

1994இல் பாமோலின் இறக்குமதி யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்று திறந்துவிடப்பட்டது. வரி 65 சதவீதம். 1995இல் மற்ற எண்ணெய்களும் சேர்ந்துகொண்டன. வரி 30 சதவீதமானது. 1996இல் 20. 1998இல் 15. நூறாண்டு முடிவதற்குள் ஆண்டு இறக்குமதி 40 லட்சம் டன்னைத் தாண்டிவிட்டது. இதே நேரத்தில்தான் கிழக்காசிய நெருக்கடிக்குப் பிறகு உலகச் சந்தையில் பாமாயில் விலையும் பாதாளத்துக்குப் போனது. கதவைத் திறந்து வைத்த நேரம் பார்த்து வெள்ளம் வந்த மாதிரி.

இங்கே நம் பக்கத்துத் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். 'டங்கல் கையெழுத்து போடச் சொன்னான், போட்டோம், செத்தோம்' என்பதுதான் எங்கள் மேடைப் பேச்சு. உலக வணிக அமைப்பு 1995 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது. பாமோலின் கதவு அதற்கு முந்தின வருஷமே திறந்தாகிவிட்டது. அது மட்டுமில்லை. அந்த ஒப்பந்தத்தில் ஒவ்வொரு நாடும் 'இதற்கு மேல் வரி போட மாட்டேன்' என்று ஓர் உச்சவரம்பை எழுதிக் கொடுக்கிறது. பாமாயிலுக்கு இந்தியா எழுதிக் கொடுத்த வரம்பு 300 சதவீதம். சோயா எண்ணெய்க்கு மட்டும் 45. அதாவது 300 வரை போட உரிமை வைத்துக்கொண்டு 15 போட்டது தில்லி. ஜெனீவாவின் கை இதில் இல்லை என்று சொல்லவில்லை. தாராளமயத்தின் பொதுக் காற்று அங்கிருந்தும் வீசியது. ஆனால் இந்தக் குறிப்பிட்ட முடிவு இங்கே, நம்மவர்களால், நகரத்து விலைவாசியையும் துறைமுகச் சுத்திகரிப்பு ஆலைகளையும் மனதில் வைத்து எடுக்கப்பட்டது. எதிரியை ரொம்ப தூரத்தில் வைத்துவிட்டால் பக்கத்தில் இருப்பவர் தப்பித்துக்கொள்வார்.

அதற்குப் பிறகு வரி ஓர் ஊஞ்சல். 2001இல் கச்சா பாமாயிலுக்கு 75 சதவீதம். 2008இல் உலக உணவு விலை ஏறியபோது பூஜ்யம். 2018இல் 44. அப்புறம் படிப்படியாக இறங்கி மீண்டும் பூஜ்யம். 2024 செப்டம்பரில் அடிப்படை வரி 20. 2025 மே மாதக் கடைசியில் 10. மல்லாட்டைப் பயிர் நிலத்தில் இருப்பது ஏறக்குறைய 105 நாள். செப்டம்பரில் வரி ஏறிய செய்தியைக் கேட்டு நம்பிக்கையோடு கார்த்திகைப் பட்டத்தில் விதைத்து, அறுத்து, அடுத்த பட்டத்துக்கு விதை எடுத்து வைப்பதற்குள் வரி பாதியாகிவிடும். வரி உயரமா தாழ்வா என்பதைக் காட்டிலும், எப்போது மாறும் என்று தெரியாத இந்த நிலைதான் மானாவாரிக்காரனைச் சூதாடியாக்குகிறது. கூடவே இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். கச்சா எண்ணெய்க்கும் சுத்திகரித்த எண்ணெய்க்கும் இடையில் வரியில் ஒரு இடைவெளி எப்போதும் காக்கப்படுகிறது. அந்த இடைவெளி துறைமுகத்து ஆலைக்குத்தான் பாதுகாப்பு. கொல்லைக்கு அதனால் ஒன்றுமில்லை.

4

சரி, இறக்குமதி விலை கொல்லைக்கு எப்படி வந்து சேருகிறது? பாமாயிலும் கடலெண்ணெயும் ஒன்றில்லையே என்று கேட்கலாம். நாக்குக்கு ஒன்றில்லைதான். ஆனால் ஓட்டல், பலகாரக் கடை, பிஸ்கட் ஆலை, வனஸ்பதி ஆலை இவற்றுக்கு எண்ணெய் என்பது எண்ணெய். அங்கே பாமாயில் நுழைந்ததும் கடலெண்ணெய்க்கான மொத்தத் தேவை சுருங்குகிறது. கமிட்டியில், அதாவது ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில், மூட்டைக்கு ஏலம் கேட்க வருகிற ஆயில் மில்காரர் இந்தக் கணக்கை மனதில் வைத்துத்தான் விலை கேட்கிறார். கொல்லைக்காரன் அந்த ஏலச் சீட்டில்தான் இந்தோனேசியாவைப் பார்க்கிறான்.

ஆனால் எண்ணெய் மட்டும்தானா போனது? 100 கிலோ காயை உடைத்தால் சுமார் 70 கிலோ பருப்பு. அதை ஆட்டினால் சுமார் 30 கிலோ எண்ணெய். மீதி புண்ணாக்கு, மாட்டுக்கு. காய் பறித்த கொடியும் மாட்டுக்கு. வேர் மண்ணுக்குத் தழைச்சத்து தருகிறது. தொப்பி அடுப்புக்கு. கப்பலில் வருவது எண்ணெய் மட்டும். புண்ணாக்கும் கொடியும் தொப்பியும் வேலையும் அந்தக் கப்பலில் வருவதில்லை. ஒரு லிட்டர் எண்ணெயை இன்னொரு லிட்டர் எண்ணெயோடு ஒப்பிட்டு 'இது மலிவு' என்று சொல்லும் பொருளாதாரம், எண்ணெயைச் சுற்றியிருந்த இத்தனையையும் கணக்குக்கு வெளியே தள்ளிவிட்டுத்தான் அப்படிச் சொல்ல முடிகிறது.

வேலைக்கு வருவோம். மல்லாட்டை பெண்களின் பயிர். ஏருக்குப் பின்னால் ஒவ்வொரு பருப்பாக விதை போடுவது பெண்கள். முதல் களை, இரண்டாம் களை, கொத்தி மண் அணைப்பது பெண்கள். செடி பிடுங்குவதில் ஆணும் உண்டு. பிடுங்கிப் போட்டதைக் குவியல் குவியலாக உட்கார்ந்து காய் ஆய்வது பெண்கள், கிழவிகள், பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்ட பிள்ளைகள். எங்கள் ஊரில் ஆய்வதற்குக் கூலி காசாக இல்லை. பன்னிரண்டு படிக்கு ஒரு படி. விலை ஏறினால் அந்த ஒரு படிக்கும் மதிப்பு ஏறும். வண்டி போன பின் மண்ணில் தங்கிய காயைக் கிளறிப் பொறுக்குவது இன்னொரு வரும்படி. விதைக்கு வேண்டிய காயைக் கையால்தான் உடைக்க வேண்டும். மெஷினில் உடைத்தால் முளைப்பு போய்விடும். மழைக்காலத்தில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மரக்கால் கணக்கில் உடைத்துத் தருவார்கள். ஆண்கள் வெளியூர் போய்விட்ட வீட்டில் உப்பு புளி வாங்கியது அந்தக் காசில்.

விலை விழுந்தபோது என் அப்பா என்ன செய்தார்? இரண்டு வருஷம் பொறுத்தார். மூன்றாம் வருஷம் சவுக்கு வைத்தார். சவுக்கு மூன்று நான்கு வருஷம் நிலத்தில் நிற்கும். நடவுக்கு ஆள், வெட்டுக்கு ஆள். வெட்டுக்கு வியாபாரியே வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்துவிடுவார். நடுவில் நிலம் தானாக வளர்க்கும். அப்பாவின் வருமானம் குறைந்தது என்று சொல்ல மாட்டேன்; நாலு வருஷக் கணக்கில் பார்த்தால் நஷ்டமில்லை, தலைவலியும் இல்லை. ஆனால் அதே இரண்டு ஏக்கரில் ஒவ்வொரு பட்டத்திலும் நடந்த விதைப்பும் களையும் ஆய்வும் உடைப்பும் முழுசாக இல்லாமல் போயின. எந்தப் புள்ளிவிவரத்திலும் இது 'வேலை நீக்கம்' என்று பதிவாகவில்லை. யாரும் யாரையும் வேலையை விட்டு நிறுத்தவில்லையே! "இந்தப் பட்டம் மல்லாட்டை இல்ல" என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான்.

இதைத்தான் அந்த அம்மா சொன்னார். விலை விழும்போது நிலம் வைத்திருப்பவனுக்குப் பயிரை மாற்றும் வசதி இருக்கிறது. அவனைக் காப்பாற்றும் அதே மாற்றம்தான் உழைப்பை மட்டும் வைத்திருப்பவளை வெளியே தள்ளுகிறது. இறக்குமதியால் வந்த அடியை அவன் அவளுக்குக் கைமாற்றி விடுகிறான். இதைச் செய்யக் கெட்ட மனசு தேவையில்லை. பத்திரம் இருந்தால் போதும்.

எல்லாவற்றையும் பாமாயில் தலையில் கட்டுவதும் நேர்மையில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் பத்து லட்சம் ஹெக்டேரை ஒட்டி இருந்த மல்லாட்டைப் பரப்பு இன்று அதில் பாதியைக்கூட எட்டுவதில்லை. இதற்கு மழை ஒரு காரணம். ஆழ்குழாய்க் கிணறு வந்து கரும்பும் நெல்லும் பிடித்த நிலம் ஒரு காரணம். மனைப்பிரிவுக் கல் நட்ட நிலம் ஒரு காரணம். பன்றியும் மயிலும்கூடக் காரணம் என்பார்கள் கொல்லைக்காரர்கள். ஆனால் மழை பொய்த்த வருஷத்தில் நல்ல விலை இருந்திருந்தால் அடுத்த வருஷமும் விதைத்திருப்பார்கள். விலை அந்தத் தெம்பைப் பிடுங்கியது. மற்றவை மிச்ச வேலையைப் பார்த்தன.

மக்கள்தொகைக் கணக்கைப் பாருங்கள். 2001இல் தமிழ்நாட்டில் சாகுபடியாளர்கள் சுமார் 51 லட்சம், விவசாயக் கூலிகள் சுமார் 86 லட்சம். 2011இல் சாகுபடியாளர்கள் சுமார் 42 லட்சமாகக் குறைந்தார்கள். கூலிகள் சுமார் 96 லட்சமாகக் கூடினார்கள். விவசாயத்தில் இருப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் கூலிகள். ஆனால் நம் சொல்லாடலில் 'விவசாயி' என்றதும் கண் முன் வருவது தலைப்பாகை கட்டிய, பட்டா உள்ள ஓர் ஆண். பெரும்பான்மையைச் சிறுபான்மையின் பேரால் அழைக்கிறோம். இது வெறும் சொல் பிரச்சினை இல்லை. கோரிக்கைகள் இந்தச் சொல்லிலிருந்துதான் பிறக்கின்றன. குறைந்தபட்ச ஆதரவு விலை என்று நூறு முறை கேட்டிருக்கிறோம். குறைந்தபட்ச வேலை நாள் என்று எத்தனை முறை கேட்டோம்?

5

இன்னொரு சங்கடம் இருக்கிறது. அந்த அம்மாவை வைத்து பாமாயில் எதிர்ப்பைப் புதுப்பித்துவிடலாம் என்று நினைத்துச் சில வருஷம் கழித்து அவர் வீட்டுக்குப் போனேன். டீ போட்டுக் கொடுத்தார். "மல்லாட்ட ஆஞ்ச காலத்துல எங்க வீட்ல தாளிக்கத்தான் தம்பி எண்ணெ. கால் கிளாஸ் வாங்கியாந்து ஒரு வாரம் ஓட்டுவோம். ரேஷன்ல பாமாயில் போட்டப்புறந்தான் புள்ளைங்களுக்கு வட சுட்டுக் குடுத்தேன்" என்றார்.

என்ன சொல்வது? தமிழ்நாட்டு ரேஷன் கடையில் பல ஆண்டுகளாக ஒரு லிட்டர் பாமாயில் 25 ரூபாய். கடலெண்ணெய் மணத்தைப் பற்றி உருகுகிற நாம், அந்த மணம் எந்தத் தெருவரை வீசியது என்று கேட்டதில்லை. மல்லாட்டையைத் தொட்டுத் தொட்டு விரல் நகம் தேய்ந்தவர்களுக்கு மல்லாட்டை எண்ணெய் எட்டாத பண்டமாக இருந்தது. 'மரபு உணவு' என்ற இன்றைய பெருமிதக் கதையாடலில் இந்த இடம் காலியாகவே விடப்படுகிறது.

இங்கேதான் ரிக்கார்டோவைப் படிக்க வேண்டியிருக்கிறது. 1817இல் வந்த நூலில் இங்கிலாந்தின் துணியையும் போர்ச்சுகலின் திராட்சை மதுவையும் வைத்து, ஒவ்வொரு நாடும் தனக்கு ஒப்பளவில் எளிதாக வருவதைச் செய்து மாற்றிக்கொண்டால் இருவருக்கும் லாபம் என்றார். பாமரமாய்ப் பார்த்தால் சரிதான்: ஒரு ஹெக்டேர் எண்ணெய்ப் பனை தரும் எண்ணெயில் நாலில் ஒரு பங்குகூட மானாவாரி மல்லாட்டை தராது. ஆனால் அந்தக் கணக்கு ஓர் அனுமானத்தின்மேல் நிற்கிறது. ஒரு தொழிலில் விடுபட்ட உழைப்பு அதே நாட்டில் இன்னொரு தொழிலுக்குப் போய்விடும் என்பது அந்த அனுமானம். ஐம்பது வயதில் களைக்கொத்தைக் கீழே வைத்த பெண் எங்கே போவாள்? ஸ்ரீபெரும்புதூர் ஆலை அவளுக்குக் கதவு திறக்காது. அவள் மகன் செங்கல் சூளைக்கோ சென்னைக் கட்டட வேலைக்கோ போவான். அவள் ஊரிலேயே வேலை இல்லாமல் இருப்பாள். 2005 சட்டப்படி வந்த நூறு நாள் வேலை அவ்விடத்தில்தான் கை கொடுத்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்பதை அந்தக் கிராமம் முதல் முறை பார்த்ததும் அப்போதுதான். "நூறு நாள் வேலையால ஆள் கிடைக்கல" என்று கொல்லைக்காரர்கள் புலம்பியதன் உள்ளர்த்தம், பழைய கூலிக்கு ஆள் கிடைக்கவில்லை என்பது.

ரிக்கார்டோவின் இன்னொரு பக்கமும் நமக்குத் தேவை. இங்கிலாந்தில் தானிய இறக்குமதியைத் தடுத்த சட்டங்களை அவர் எதிர்த்தார். தானியம் மலிந்தால் கூலி தாழும், ஆலை முதலாளியின் லாபம் உயரும் என்பது அவர் கணக்கு. அந்தச் சட்டங்கள் 1846இல் நீக்கப்பட்டன. மலிவு எண்ணெயும் அப்படித்தான் வேலை செய்கிறது. கூலியை ஏற்றாமலே ஏழையின் சட்டியில் எண்ணெய் ஊற்ற வழி செய்கிறது. சட்டியில் ஊற்றப்பட்டது நிஜம். கூலி ஏறாமல் இருக்க அது உதவியதும் நிஜம். 1848 ஜனவரியில் பிரஸ்ஸல்ஸில் இதே பிரச்சினையைப் பேசிய மார்க்ஸ், காப்பு வரி கேட்டவர்கள் பக்கமும் சேரவில்லை, சுதந்திர வணிகம் தொழிலாளிக்கு நல்லது என்பவர்களையும் நம்பவில்லை. இரண்டு முகாமும் மூலதனத்தின் இரண்டு கட்சிகள் என்று பார்த்தார். கடைசியில் சுதந்திர வணிகத்துக்கு அவர் ஓட்டுப் போட்ட காரணம் வேறு: அது முரண்பாடுகளை வேகமாக முற்ற வைக்கும் என்பது. அந்த நம்பிக்கை எனக்கில்லை. எங்கள் ஊரில் முரண்பாடு முற்றவில்லை. ஆட்கள் பஸ் ஏறிப் போய்விட்டார்கள்.

6

கப்பலின் மறுமுனையையும் பார்த்துவிடுவோம். அது நமக்கு அந்நியமான கரை இல்லை. மலாயாத் தோட்டங்களுக்குக் கங்காணிகள் ஆள் பிடித்தது வட ஆற்காடு, தென்னாற்காடு, சேலம், திருச்சி, தஞ்சை மாவட்டங்களில். மல்லாட்டை விளைந்த அதே கொல்லைகளின் கூலிகள் ரப்பர் வெட்டப் போனார்கள். 1917இல் சிலாங்கூரில் வணிக ரீதியில் முதல் எண்ணெய்ப் பனைத் தோட்டம் வந்தது. 1960களிலிருந்து ரப்பர் மரங்கள் வெட்டப்பட்டு எண்ணெய்ப் பனை பரவியது. பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீட்டு மனைகளானபோது, தோட்ட லயத்தில் குடியிருந்த தமிழ்க் குடும்பங்களுக்கு வேலையோடு வீடும் போனது. அவர்களுடைய இடத்தில் இந்தோனேசியரும் வங்கதேசத்தவரும் இன்னும் குறைந்த பாதுகாப்போடு வந்தார்கள். 2020இல் அமெரிக்கச் சுங்கத் துறை, கட்டாய உழைப்புப் புகாரின் பேரில் மலேசியாவின் இரண்டு பெரிய நிறுவனங்களின் பாமாயிலைத் துறைமுகத்தில் தடுத்து நிறுத்தியது.

பாமாயில் மலிவு என்றால் எதனால் மலிவு? மரத்தின் விளைச்சல் ஒரு பாதி. காட்டின் விலையும் குலை வெட்டுகிறவரின் கூலியும் கணக்கில் முழுசாக ஏறாதது மறுபாதி. திண்டிவனத்தில் வேலை இழந்த பெண்ணும் சபாவில் கடவுச்சீட்டைப் பறிகொடுத்த தொழிலாளியும் ஒரே விலையின் இரண்டு நுனிகள். நம் காப்பு வரிக் கோரிக்கையில் இரண்டாமவருக்கு இடமில்லை என்பதும் எனக்கு உறுத்துகிறது.

இன்னொரு வேடிக்கை. இந்தியாவிலிருந்து வேர்க்கடலைப் பருப்பு இன்று நிறைய ஏற்றுமதியாகிறது. வாங்குகிற முக்கிய நாடுகளில் ஒன்று இந்தோனேசியா. வியட்நாமும் பிலிப்பைன்ஸும் அந்தப் பட்டியலில் உண்டு. மணிலாக்கொட்டை மணிலாவுக்கே போகிறது. பல் போல ஒரே அளவில், பூஞ்சை நஞ்சு இல்லாத பருப்புக்குத்தான் அங்கே விலை. அதைத் தரம் பிரிக்க மெஷினும் கிடங்கும் முதலும் உள்ளவர் கையில் லாபம் நிற்கிறது. ஏற்றுமதி நடப்பதால் காய் ஆயும் கூலி ஏறிவிடும் என்று தானாக எதுவும் நடப்பதில்லை. மார்செய் காலத்திலும் ஏறவில்லை.

7

இன்று இந்தியா ஆண்டுக்கு ஏறக்குறைய 160 லட்சம் டன் சமையல் எண்ணெய் இறக்குமதி செய்கிறது. தேவையில் பாதிக்கு மேல். இதற்கு அரசு கண்ட மருந்து 2021இல் அறிவித்த எண்ணெய்ப் பனைத் திட்டம், 11,040 கோடி ரூபாய்க்கு. நம் மண்ணிலேயே பனை நட்டுவிட்டால் அன்னியச் செலாவணி மிஞ்சும். மிஞ்சட்டும். ஆனால் தண்ணீர் உள்ளவனுக்கும் முதல் பலனுக்கு நாலு வருஷம் காத்திருக்கத் தெம்புள்ளவனுக்கும்தான் அந்தப் பயிர். மானாவாரிக் கொல்லைக்கும் அதில் களை எடுத்தவளுக்கும் அதில் என்ன இருக்கிறது?

ரேஷனில் பாமாயிலுக்குப் பதில் கடலெண்ணெயோ தேங்காயெண்ணெயோ போடு என்ற கோரிக்கை தமிழ்நாட்டில் சில ஆண்டுகளாக வலுத்து வருகிறது. நான் அதை ஆதரிக்கிறேன். ஆனால் மூன்று நிபந்தனையோடு. ஒன்று, கடையில் அந்த 25 ரூபாய் ஏறக் கூடாது. வித்தியாசத்தை அரசு ஏற்க வேண்டும். காலனிப் பிள்ளையின் வடையைப் பிடுங்கிக் கொல்லைக்காரனுக்குக் கொடுக்கும் திட்டமாக அது ஆகக் கூடாது. இரண்டு, கொள்முதல் அந்தந்த வட்டாரத்தில் நடக்க வேண்டும். ஆட்டுவதும் அங்கேயே நடந்தால்தான் புண்ணாக்கும் வேலையும் ஊரில் தங்கும். மூன்று, ஆதரவு விலை பெறுகிற கொள்முதலில் கூலி விகிதமும் எழுதப்பட வேண்டும். 2025-26 பருவத்துக்கு மல்லாட்டைக்குக் குவிண்டாலுக்கு 7,263 ரூபாய் என்று அரசு அறிவித்ததே, அந்த விலையைக் கணக்கிடும்போது கூலிச் செலவு என்று ஒரு தொகை ஏற்கெனவே சேர்க்கப்படுகிறது. விலையைக் கேட்டு வாங்குகிறவர்கள் அந்தத் தொகை உரியவர் கைக்குப் போனதா என்ற கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டாமா?

வரியைப் பொறுத்தவரை, ஒரு பட்டத்துக்கு விதைத்த பிறகு அறுவடை முடியும்வரை அதைக் குறைக்கக் கூடாது என்ற எளிய விதியாவது வேண்டும். வரியை மாற்றுமுன் எத்தனை லட்சம் டன், எத்தனை கோடி டாலர் என்று பார்க்கிறார்கள். எத்தனை வேலை நாள் என்றும் பார்க்கச் சொல்ல வேண்டும். 'அப்படிக் கணக்கே இல்லையே' என்பார்கள். இல்லைதான். யாரும் எழுதவில்லை, அதனால் இல்லை.

இந்த இடத்தில் நம் பத்திரிகையின் வாசகர்களுக்கு ஒரு வேலை சொல்லி முடிக்கிறேன். உங்கள் ஊரில் 1990இல் என்ன பயிர் இருந்தது, இப்போது என்ன இருக்கிறது என்று கேளுங்கள். ஏக்கருக்கு விதைப்புக்கு எத்தனை ஆள், களைக்கு எத்தனை, அறுப்புக்கு எத்தனை, அதில் பெண்கள் எத்தனை பேர், கூலி காசாகவா படியாகவா என்று எழுதிக்கொள்ளுங்கள். பட்டா வைத்திருப்பவரிடம் மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். அவருக்குச் செலவுத் தொகைதான் ஞாபகம் இருக்கும். களை எடுத்தவரிடம் கேளுங்கள். எந்த மாதம் எந்தக் கொல்லையில் எத்தனை நாள் என்று விரல் விட்டுச் சொல்வார். எங்கள் ஊரில் அப்படிச் சொல்லக்கூடியவர்கள் இன்னும் நாலைந்து பேர் இருக்கிறார்கள். நான் அவர்களிடமிருந்து தொடங்கியிருக்கிறேன். அன்று கூட்டத்தில் கேட்ட அம்மாவிடம் தொடங்கியிருக்க வேண்டும். அவர் இப்போது இல்லை.